எடை குறைக்கும் பாகங்கள்: யமஹா ஆர்15-க்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பு, இரட்டை ஏபிஎஸ் வகை, பெற்றோலும் ஒயிலும் நிரம்பிய நிலையில் 142 கிலோ. 65 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் 207. இதில் ஐந்து கிலோவைக் கழித்தால் குறைவது 2.4 வீதம், இழுவையில் தெரிவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். செயினை ஓட்டும் பற்சில்லான முன் ஸ்பொக்கட்டை 14 பல்லிலிருந்து 13 பல்லுக்கு மாற்றினால் பின்சில்லில் விழும் இழுவை 7.7 வீதம் கூடும், அதுவும் ஒரு சின்ன இரும்புத் துண்டின் விலையில். உச்ச வேகம் குறையும், திருகோணமலையிலிருந்து கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும் நேர் வீதியில் எஞ்சின் கூடுதலாகச் சுற்றும், பெற்றோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும் என்பது வேறு விசயம். ஆகவே பிக்கப் மட்டும் வேண்டும் என்பவர் இங்கேயே நிறுத்திக்கொண்டு ஸ்பொக்கட்டை வாங்கலாம். வளைவில் சாய்க்க, பிரேக் பிடிக்க, நெருக்கமான சந்தைத் தெருவில் தள்ளித் திருப்ப பைக் இலகுவாக இருக்க வேண்டும் என்பவருக்குத்தான் மற்றச் சாமான்கள்.

எதையும் வாங்குமுன் தராசு வேண்டும். பாகங்களுக்கு ஐந்து கிலோ வரை நிறுக்கும் சமையலறை டிஜிற்றல் தராசு போதும். முழு பைக்கை நிறுக்க, முன்சில்லை ஆள் நிறுக்கும் தராசிலும் பின்சில்லை அதே உயரமுள்ள பலகையிலும் ஏற்றி, நிமிர்த்திப் பிடித்து ஒரு அளவு எடுக்க வேண்டும். பிறகு மாற்றி வைத்து மற்றது. இரண்டையும் கூட்டினால் மொத்தம். உயரம் சமனாக இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். அரிசி மூட்டை நிறுக்கும் மேசைத் தராசு கிடைத்தால் மிக நல்லது. பெற்றோல் அளவு இரண்டு தடவையும் ஒன்றாக இருக்கட்டும்: ஒரு லீற்றர் ஏறக்குறைய 740 கிராம், ஆர்15-இன் 11 லீற்றர் டாங்கி நிரம்பினால் எட்டுக் கிலோ. டாங்கியை அரைவாசியில் வைத்து ஓடினாலே நாலு கிலோ போய்விடும். கடையில் விற்கும் எந்தத் தனிப் பாகமும் இதைத் தாண்டாது.

அடுத்ததும் காசில்லாத வேலைதான். பக்கத்தில் பூட்டிய இரும்புக் காவல் கம்பி மூன்று நாலு கிலோ வரை நிறுக்கும். அதை விட்டுவிட்டு டைட்டானியம் போல்ட் தேடுபவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து வரும் பைக்குகளில் இடப்பக்கம் இருக்கும் சேலைக் காவல் கம்பியும் கழற்றக்கூடியதே, ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும். ஆனால் வீட்டில் அம்மாவோ அக்காவோ ஒருபக்கமாக இருந்து கோயிலுக்கு வருவதாக இருந்தால் அதில் கை வைக்கக் கூடாது. சேலைத் தலைப்பு செயினில் சிக்கினால் அதோடு கதை முடிந்தது.

இனி காசு போகும் சாமான்கள். முதலாவது லித்தியம் பற்றரி. எங்கள் மதிப்பில் காசுக்குப் பெறுமதியானது இதுதான், ஆனால் மிகவும் பிழையாக வாங்கப்படுவதும் இதுதான். பைக்குக்கு ஏற்றது லித்தியம் இரும்புப் பொஸ்பேற் வகை. நாலு கலம், ஒவ்வொன்றும் 3.2 வோல்ற், மொத்தம் 12.8. போனில் இருக்கும் லித்தியத்தை விட இது சூட்டுக்கும் தீக்கும் பாதுகாப்பானது. நாலு ஆம்பியர் மணி ஈய பற்றரி ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட நிறுக்கும். அதற்குப் பதிலாகப் போடும் லித்தியம் அரைக் கிலோ. மிச்சம் ஒரு கிலோ. பெரிய 600 சிசி பைக்கில் இதே மாற்றம் இரண்டு கிலோவுக்கு மேல் தரும். ஆர்15-இல் பற்றரியே சிறிது என்பதால் லாபமும் சிறிது.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் ஆம்பியர் மணியை நம்ப வேண்டாம். பல கம்பனிகள் "ஈயத்துக்குச் சமன்" என்ற கணக்கில் போடுகிறார்கள். ஸ்டார்ட் பண்ணும் வலிமைக்கு அது சரி. உள்ளே சேமித்திருக்கும் மின்னுக்குச் சரியில்லை. பக்கத்தில் சின்னதாக இருக்கும் வாற்று மணி எண்ணைப் பார்த்து 12.8-ஆல் வகுக்க வேண்டும். 24 வாற்று மணி என்றால் உண்மையில் இருப்பது இரண்டு ஆம்பியர் மணிக்கும் குறைவு. திருட்டு அலாரமும் ஜிபிஎஸ் கருவியும் சேர்ந்து 10 மில்லி ஆம்பியர் உறிஞ்சினால் ஏறக்குறைய எட்டு நாளில் முழுவதும் காலி. வெளிநாடு போகும் பொடியன் பைக்கை மூடி வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அந்தப் பற்றரி செத்திருக்கும். ஈயத்தைப் போல அதைத் தட்டி எழுப்ப முடியாது. நீண்ட நாள் நிறுத்துவதென்றால் மைனஸ் வயரைக் கழற்றிவிட வேண்டும்.

பூட்டுமுன் பைக்கின் சார்ஜிங்கைப் பார்க்க வேண்டும். மல்ரிமீற்றரைப் பற்றரி முனைகளில் வைத்து, எஞ்சினை 5,000 சுற்றுக்கு ஏற்றி, ஹெட்லைட் எரியும்போதும் அணைந்திருக்கும்போதும் அளக்க வேண்டும். 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் நின்றால் நல்லது. 14.6-ஐத் தாண்டினால், வோல்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரை மாற்றாமல் லித்தியம் போடக் கூடாது: கலம் உப்பும். 13.5-க்குக் கீழே என்றால் அது ஒருநாளும் நிரம்பாது. மலிவான பற்றரிகளில் கலங்களைச் சமப்படுத்தும் சுற்று உள்ளே இருக்காது. ஒரு கலம் நிரம்பி வழிய, மற்றது பசித்துக் கிடக்கும். வாங்கும்போது இந்தச் சுற்று இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் வேறு கடை. ஈய பற்றரிக்குரிய பழைய சார்ஜரையும் கவனிக்க வேண்டும்: உப்புப் படிவை உடைக்கும் முறை அதில் இருந்தால், அது கொடுக்கும் உயர் வோல்ற் அடிகள் லித்தியத்தைக் கெடுத்துவிடும்.

பூட்டும் ஒழுங்கு தெரிந்ததே: கழற்றும்போது மைனஸ் முதல், பூட்டும்போது பிளஸ் முதல். லித்தியம் பெட்டி சிறிது என்பதால் பழைய இடத்தில் ஆடும். கூட வரும் ஒட்டு ஸ்பொஞ்சை நாலு பக்கமும் வைத்து இறுக்காவிட்டால் கிண்ணியா உள்வீதிக் குண்டும் குழியும் முனைகளை உடைத்துவிடும். குளிர் நாடுகளில் லித்தியத்துக்குச் சொல்லும் பெரிய குறை, காலையில் சோம்பி நிற்பது. அது இங்கே இல்லை. இங்கே குறை வெயில். உப்புவெளிக் கடற்கரையில் ஆடி மாத மத்தியானத்தில் கறுப்பு சீற்றுக்குக் கீழே பற்றரி வெந்துகொண்டிருக்கும். சூடான பற்றரியை உடனே சார்ஜரில் போடாமல் நிழலில் ஆறவிட்டுப் போட்டால் ஆயுள் நீளும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: லித்தியத்தை விமானப் பொதியில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. ஓர்டர் போடுமுன் எப்படி வரும் என்று விசாரியுங்கள்.

சைலன்சர். கிலோக் கணக்கில் அதிகம் குறைவது இதில்தான். புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் உள்ள தொகுதியைக் கழற்றி மெல்லிய துருப்பிடிக்காத இரும்பிலான முழுத் தொகுதி போட்டால் இரண்டு மூன்று கிலோ மிச்சம். ஆனால் பல 150 சிசி பைக்குகளில் வளைகுழாயும் சைலன்சரும் ஒன்றாக ஒட்டியவை. பின்பாதியை மட்டும் மாற்ற வேண்டுமானால் குழாயை வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு பழைய நிலைக்குப் போக வழியில்லை. முழுத் தொகுதி எடுக்கும்போது ஒட்சிசன் சென்சர் பூட்டும் துளை இருக்கிறதா, மரை பொருந்துகிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். சென்சரைத் தொங்கவிட்டு ஓடுபவர்களின் பைக்கில் எஞ்சின் விளக்கு அணையாது, பெற்றோலும் காற்றும் சேரும் கலவையும் கெட்டுவிடும். சென்சர் இருந்தால் சாதாரண ஓட்டத்தில் எஞ்சினின் கணினியான ஈசியு கலவையைத் திருத்திக்கொள்ளும்; அக்சிலரேற்றரை முழுதாக முறுக்கிய முழுத் திறப்பில் திருத்தாது. அங்கே பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடாகும். திறப்பை விடும்போது பட பட என்று வெடிக்கும். அந்தச் சத்தத்தை ரசிப்பவர்கள் வால்வைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கலாம்.

"கார்பன்" என்று விற்கும் சைலன்சர்களில் பாதி, தகரத்தின் மேல் ஒட்டிய அச்சுப் படம். நகத்தால் விளிம்பைச் சுரண்டினால் தெரியும். சூட்டில் ஒரு மாரிக்குள் உரிந்துவிடும். உள்ளே சத்தம் அடக்கும் துண்டைக் கழற்றினால் மிச்சமாவது கிராம் கணக்கு, வருவது பொலிஸ் தொல்லை. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஆண்டுதோறும் புகைச் சான்றிதழ் வேண்டும். கற்றலிற்றிக் இல்லாமல் அதில் தேறுவது நிச்சயமில்லை. எங்கள் தீர்ப்பு: ஓட்டப் பந்தயத் தடத்துக்குப் போகிறவர் வாங்கலாம். நகரத்துக்குள் வேலைக்குப் போய்வருபவருக்கு இது சத்தத்துக்குக் கொடுக்கும் காசு.

அலுமினியப் பின் ஸ்பொக்கட்டைப் பற்றி ஒரு நம்பிக்கை உலாவுகிறது: சுற்றும் பாகம் என்பதால் ஒரு கிராம் குறைந்தால் இரண்டு கிராம் குறைந்த மாதிரி என்று. அது ரயருக்கு ஏறக்குறைய உண்மை. ரயரின் ஓட்டு சில்லின் வெளிவிளிம்பில் இருக்கிறது. அங்கே இருக்கும் எடையை முன்னே தள்ளவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். 48 பல் ஸ்பொக்கட்டின் ஆரம் 97 மில்லிமீற்றர்தான், ரயரின் ஆரம் 310-க்கு மேல். இந்த விகிதத்தை வர்க்கித்துப் பார்த்தால் சுற்றலால் கூடுவது பத்து வீதம். அரைக் கிலோ குறைந்தால் 550 கிராம் குறைந்த பலன், ஒரு கிலோ அல்ல. அதற்கு விலை தேய்மானம். கடற்கரை மணலும் உப்பும் செயினில் ஒட்டி அரைக்கும்போது அலுமினியப் பல் இரும்பை விட மிக விரைவாகக் கூராகும். 7075 வகைக் கலப்பு என்றால் ஓரளவு தாங்கும். வகை எழுதாத நிறம் பூசிய சாமானைத் தொட வேண்டாம். செயினில் எடை குறைக்க, கிரீசை உள்ளே அடைத்து வைக்கும் ஓரிங் ரப்பர் வளையம் இல்லாததைப் போடுவதும் இந்த ஊருக்குச் சரிவராது.

எடைக் கணக்கு உண்மையில் வேலை செய்வது ரயரில், ஆனால் அதற்குப் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. பின்னுக்கு 140/70-17 என்று கம்பனி கொடுத்ததை விட்டு, தடிப்பாகத் தெரிய வேண்டும் என்று 150 அல்லது 160 ஏற்றியிருந்தால், தேய்ந்ததும் பழைய அளவுக்கே திரும்புங்கள். விளிம்பில் குறைவதால் பலன் இரட்டிப்பு, றிம்மில் ரயர் ஒழுங்காக இருக்கும், பைக்கும் கேட்டபடி சாயும்.

டிஸ்க்கில் லேத் கடையில் துளை போடுவது ஒரு வழக்கம். நாலு மில்லிமீற்றர் தடித்த டிஸ்க்கில் எட்டு மில்லிமீற்றர் துளை ஒன்று 1.6 கிராம். நாற்பது துளை போட்டாலும் 65 கிராமைத் தொடாது. அந்த 65 கிராமுக்காகத் துளை விளிம்புகளில் வெடிப்பு தொடங்கும் ஆபத்தையும் சூடு தாங்கும் இரும்புக் குறைவையும் வாங்கிக்கொள்கிறோம். வேண்டாம். அச்சு, பிரேக் கலிப்பர், கைப்பிடி பூட்டும் இடங்கள் எதிலும் எடை தேட வேண்டாம்.

டைட்டானியம் போல்ட்டும் அதே கணக்குதான். அடர்த்தி 4.43, இரும்பு 7.85. பைக்கின் பிளாஸ்ரிக் உடற்கவசத்திலும் எஞ்சின் மூடியிலும் இருக்கும் ஆறு மில்லிமீற்றர் போல்ட் நாற்பதை மாற்றினால் மிச்சம் ஏறக்குறைய 100 கிராம். புறப்படுமுன் அரைத் தம்ளர் தண்ணீர் குறைவாகக் குடித்த மாதிரி. அழகுக்கு என்றால் போடுங்கள், ஆனால் இரண்டு விசயம். ஒன்று, நீலமும் ஊதாவுமாக மின்னுவதெல்லாம் டைட்டானியம் அல்ல. நிறம் ஏற்றிய அலுமினியம் நிறையவே கலந்திருக்கிறது. காந்தம் இரண்டிலும் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை பயன்படாது, நிறுத்துப் பாருங்கள். அதே அளவு இரும்புப் போல்ட்டின் பாதிக்குச் சற்று மேல் என்றால் டைட்டானியம், மூன்றில் ஒன்று என்றால் அலுமினியம். அலுமினியத்தைக் கவசத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பிரேக் பக்கம் போனால் அறுந்துவிடும்.

இரண்டாவது உப்புக் காற்று. டைட்டானியமோ துருப்பிடிக்காத இரும்போ எஞ்சினின் அலுமினிய மரைக்குள் இறங்கி, இடையில் உப்பு ஈரம் புகுந்தால், அரிப்பது அலுமினியம்தான். போல்ட் பளபளவென்று இருக்கும், மரை வெள்ளை மாவாகக் கொட்டும். நிலாவெளி, டொக்யாட் பக்கம் இரவில் வெளியே நிற்கும் பைக்குகளில் இது விரைவாகவே நடக்கும். பூட்டும்போது மரை முழுவதும், இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் அன்ரிசீஸ் பசை மெல்லியதாகத் தடவ வேண்டும். பசை தடவிய மரையில் கைநூலில் உள்ள முறுக்குவிசையை அப்படியே கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். சற்றுக் குறைத்துக் கொடுத்து, மாரி முடிந்ததும் ஒருதடவை கழற்றிப் பார்த்துத் திரும்பத் தடவுவது நல்லது.

பின் மட்கார்டைக் கழற்றிக் குறுக்கிய இலக்கத்தகட்டுத் தாங்கி போடுவது அரைக் கிலோ தரும், மலிவு, பார்க்கவும் நன்று. இருவர் ஏறிக் குலுக்கிப் பார்த்து, இலக்கத்தகட்டுக்கும் ரயருக்கும் இடைவெளி மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். தகட்டு விளக்கும் சிக்னலும் எரிய வேண்டும். கார்த்திகை மழையில் பின்னால் இருப்பவரின் முதுகு சேறாகும், அது விலையில் சேராது. பைபர் கவசங்கள் வேண்டாம்: கம்பனிப் பிளாஸ்ரிக்கை விடப் பாரமானவைகூட விற்கப்படுகின்றன, துளைகள் பொருந்துவதில்லை. பக்கக் கவசத்தை அடியோடு கழற்றி விட்டால் ரேடியேற்றருக்குக் காற்றைத் திருப்பிவிடும் வழியும் போகும். கச்சான் வீசும் மாதங்களில் மணிக்கூட்டுக் கோபுரப் பக்க நெரிசலில் நின்று நின்று போனால் காற்றாடி ஓயாமல் சுற்றும்.

கையில் காசு அளவாக இருப்பவருக்கு ஒழுங்கு: இரும்புக் காவல் கம்பி கழற்றல், ரயரைக் கம்பனி அளவுக்குத் திருப்பல், பின் தாங்கி, பிறகு நல்ல லித்தியம் பற்றரி. இவ்வளவில் ஐந்து கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும். கழற்றிய கம்பனிப் பாகங்களை எறியாமல், இரும்பில் ஒயில் தடவி, பொலித்தீனில் சுற்றி, போல்ட்டுகளைத் தனிப் பையில் பெயர் எழுதி வையுங்கள். புகைப் பரிசோதனைக்கும் தேவைப்படும். விற்கும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.