அம்பா, கணுவா: கூற்று வலைகளை அமைக்கும் இரு முறைகள்

சூரியக் குடும்பத்துப் பொருள்களைப் பற்றிய கூற்றுகளை, எந்தக் கூற்று எதிலிருந்து பெறப்பட்டது என்ற விவரத்தோடு தொகுத்து வைக்கும் சிறிய அறிவுத்தளம் ஒன்றை நான் பராமரித்து வருகிறேன். முதலில் அதை மும்மைக் கூற்றுகளாகவே, அதாவது துறையினர் ட்ரிப்பிள் என்று சொல்லும் வடிவிலேயே அமைத்திருந்தேன். ஓராண்டு கழித்து அதைக் கலைத்துவிட்டு, ஒவ்வொரு கூற்றுக்கும் தனிக் கணு, அதாவது அம்புகள் வந்து சேரும் புள்ளி, உள்ள வலையாக மாற்றினேன். ஆகவே பின்வரும் ஒப்பீட்டில் நான் நடுநிலையாளன் அல்லன்.

மும்மை முறை எளிமையானது. எழுவாய் ஒரு கணு, செயப்படுபொருள் இன்னொரு கணு, இரண்டையும் இணைக்கும் அம்பு பயனிலை. ‘சாரோன்’ என்ற கணுவிலிருந்து ‘புளூட்டோ’ என்ற கணுவுக்குச் ‘சுற்றுகிறது’ என்ற பெயரோடு ஓர் அம்பு வரைந்தால் கூற்று முடிந்தது. இணையச் செந்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999இல் பரிந்துரையாக வெளியிட்ட ஆர்டிஎஃப், இந்த முறையின் செந்தர வடிவம். வினவுவதற்கான ஸ்பார்க்கில் மொழி 2008இல் பரிந்துரையானது. செந்தரம் இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன, இருவேறு தொகுப்புகளை ஒன்றுசேர்ப்பது சுலபம். இவை எல்லோரும் அறிந்தவை.

மற்ற முறையில் அம்பு எதையும் கூறுவதில்லை, கூறுவது கணு. ‘சாரோன் புளூட்டோவைச் சுற்றுகிறது’ என்ற முழுக் கூற்றும் ஒரு கணுவாக நிற்க, அதிலிருந்து ‘சுற்றுவது’, ‘சுற்றப்படுவது’ என்ற பங்குகளைக் காட்டும் அம்புகள் உரிய பொருள்களுக்குச் செல்லும். பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ஷப்பீரோ வளர்த்தெடுத்த ஸ்னெப்ஸ் அமைப்பு இதன் பழைய, தெளிவான எடுத்துக்காட்டு. எதைப் பற்றிப் பேச வேண்டுமோ அது கணுவாக இருக்க வேண்டும், அம்பைப் பற்றி வலைக்குள் எதுவும் பேச முடியாது என்பது அதன் அடிப்படை விதி. கூற்று கணுவாகிவிட்டதால், அதைப் பற்றி இன்னொரு கூற்றும், அந்தக் கூற்றைப் பற்றி வேறொரு கூற்றும் எழுதலாம்.

படித்தபோது இது வெறும் தத்துவ நுணுக்கமாகவே எனக்குத் தோன்றியது. ஒரு கூற்றைத் திரும்பப் பெற வேண்டி வந்தபோதுதான் இதன் பயன் புரிந்தது.

தொகுப்பின் வரலாற்றுப் பகுதியை ஆண்டு வரிசையில் ஏற்றிக்கொண்டிருந்தேன். 1930இல் கண்டுபிடிக்கப்பட்ட புளூட்டோ, ஒரு கோள் என்ற கூற்றோடு உள்ளே வந்தது. கோளைச் சுற்றிவரும் பொருள் துணைக்கோள் என்பது விதி. 1978இல் கண்டறியப்பட்ட சாரோன் புளூட்டோவைச் சுற்றுவதால், அது துணைக்கோள் என்று நிரல் ஊகித்தது. விட்டங்களை ஒப்பிட்டு, கோள்களில் மிகச் சிறியது புளூட்டோ என்றும் ஊகித்தது. பிறகு 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோள் என்பதற்கு வரையறை வகுத்து, புளூட்டோவைக் குறுங்கோள் வகைக்கு மாற்றியதைப் பதிவுசெய்ய, ‘புளூட்டோ ஒரு கோள்’ என்ற மும்மையை நீக்கினேன். மிகச் சிறிய கோள் புளூட்டோதான் என்ற ஊகம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஊகங்களையெல்லாம் அழித்துவிட்டு மீண்டும் கணிக்கலாமே என்று முயன்றேன். அப்போது சாரோன் துணைக்கோள் என்பதும் போய்விட்டது. அது போயிருக்கக் கூடாது, ஏனென்றால் அதே செய்தியை ஒரு நூலிலிருந்து நான் நேரடியாகவும் உள்ளிட்டிருந்தேன். ஒரே மும்மையை இரண்டு முறை இட்டாலும் தொகுப்பில் ஒன்றாகவே இருக்கும் என்பதால், நூல் தந்த ஆதாரமும் விதி தந்த ஆதாரமும் ஒன்றில் கரைந்து, எது எங்கிருந்து வந்தது என்ற தடமே இல்லாமல் போயிருந்தது.

மும்மைக் கிடங்குகளில் சில, உள்ளிட்டதையும் ஊகித்ததையும் பிரித்துக் குறித்துவைக்கும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அத்தகைய ஒன்றை எடுத்திருந்தால் மேற்சொன்ன விபத்து நேர்ந்திராது. ஆனால் இது ஊகம் என்று தெரிவது வேறு, எந்தெந்தக் கூற்றுகளின் மேல் நிற்கும் ஊகம் என்று தெரிவது வேறு. கூற்றுக்குக் கணு இருக்கும் வலையில், ஒவ்வோர் ஆதாரமும் அந்தக் கணுவை நோக்கித் தனித்தனியே நிற்கிறது. ஓர் ஆதாரம் விழுந்தால் மற்றது தாங்குகிறது. எல்லாம் விழுந்தால் கூற்றும் விழுகிறது. ஒவ்வொரு கூற்றும் எந்த அடிப்படைக் கருதுகோள்களைச் சார்ந்தது என்பதைக் கூடவே வைத்துக்கொண்டு நம்பிக்கையைத் திருத்தும் வசதி, 1980களிலேயே ஸ்னெப்ஸில் சேர்க்கப்பட்டுவிட்டது.

மும்மைக்குள் இருந்தபடியே இதைச் சாதிக்க வழிகள் உண்டு, நானும் முயன்றேன். ஆர்டிஎஃப் தரும் முறையான பொருளாக்கத்தில், ஒரு கூற்றைச் சுட்ட நான்கு மும்மைகள் தேவை: இது ஒரு கூற்று, இதன் எழுவாய் இது, பயனிலை இது, செயப்படுபொருள் இது. இந்த நான்கையும் எழுதிய பிறகும் மூலக் கூற்று உண்மை என்று சொன்னதாக ஆகாது. அதைத் தனியே ஐந்தாவதாக எழுத வேண்டும். ஐந்தாவதை அழித்துவிட்டு நான்கை மறப்பதும், நான்கை அழித்துவிட்டு ஐந்தாவதை மறப்பதும் எனக்கு வாடிக்கையாயிற்று. மும்மைகளைப் பெயரிட்ட தொகுதிகளாகப் பிரிப்பது இன்னொரு வழி. ஒரு நூலுக்கு ஒரு தொகுதி என்ற அளவில் அது அழகாகப் பொருந்துகிறது. கூற்றுக்கொரு தொகுதி என்று போனால், கணுவுக்கு வேறு பெயர் வைத்ததாகவே முடிகிறது.

நியோ4ஜே என்ற தரவுத்தளம் போன்ற பண்பு வலைகளையும் பார்த்தேன். அவற்றில் அம்பின் மேலேயே ஆண்டையும் நூற்பெயரையும் எழுதிவைக்கலாம். ஆனால் ஓர் அம்பிலிருந்து இன்னோர் அம்புக்கு அம்பு வரைய முடியாது. ‘இந்தக் கூற்று அந்தக் கூற்றிலிருந்து வந்தது’ என்பதற்கு அங்கே இடமில்லை.

கணு முறைக்கு விலை உண்டு. ஒரே அம்பாக இருந்தது நான்கைந்து அம்புகளாகிறது. ஓர் அம்பைக் கடந்தாலே விடை கிடைத்த வினாவுக்கு இரண்டு அம்புகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஆயத்தக் கருவிகள் குறைவு, எனக்கு வேண்டிய பாதியை நானே எழுத நேர்ந்தது. என் தொகுப்பு சில ஆயிரம் கூற்றுகள் கொண்டது என்பதால் வேகம் ஒரு பொருட்டாகவில்லை; கோடிக்கணக்கில் இருந்தால் நிலைமை எப்படி இருக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. ஆனால் 2012இல் தொடங்கிய விக்கித்தரவு என்ற திறந்த அறிவுத்தளம் தன் தரவை ஆர்டிஎஃப் வடிவில் வெளியிடும்போது, நேரான எளிய மும்மைகளோடு ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு கணுவையும் தந்து, மேற்கோளையும் தரவரிசையையும் அந்தக் கணுவில்தான் இணைக்கிறது. விரைந்த வினாவுக்கு அம்பு, ஆதாரத்துக்குக் கணு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை முதலிலேயே கவனித்திருந்தால், எனக்கு ஓராண்டு மிச்சமாகியிருக்கும்.

கூற்றுகள் மாறாத தொகுப்புக்கு, உதாரணமாக ஒரு நூற்பட்டியலுக்கு, நான் இன்றும் மும்மையையே எடுப்பேன். ஈரிஸ் என்ற குறுங்கோள் போன்ற ஒன்றைப் பற்றி எழுதுவதென்றால் எடுக்க மாட்டேன். 2006இல் ஹபிள் தொலைநோக்கி அளவீட்டின்படி அதன் விட்டம் சுமார் 2,400 கி.மீ.; 2010இல் அது ஒரு விண்மீனை மறைத்தபோது கிடைத்த கணக்கு 2,326 கி.மீ. 2015இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவின் விட்டத்தை 2,370 கி.மீ.க்குச் சற்று மேல் என்று அளந்தபின், ஈரிஸ்தான் பெரியது என்ற பழைய கூற்று நிற்கவில்லை. என் வலையில் அந்தக் கூற்றின் கணு அழியாமல் இருக்கிறது. எந்த அளவீட்டை நம்பியிருந்தது, எந்த அளவீட்டால் வீழ்ந்தது என்ற இரண்டு அம்புகளும் அதிலிருந்து செல்கின்றன.