மகரகமையிலேயே முடிப்பதா, கண்டிக்கு மாறுவதா?

ஹட்டன், தலவாக்கலை பக்கமிருந்து புற்றுநோய்க்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போய்வரும் குடும்பங்களில், இரண்டு மூன்று கீமோ முடிந்ததும் ஒரு பேச்சு கிளம்பும்: "கண்டிக்கு மாத்திக்கிட்டா என்ன?" நியாயமான பேச்சுதான். ஆனால் பஸ் தூரத்தை மட்டும் வைத்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், சிகிச்சை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தூரத்துக்கே வரவேண்டும்.

சரி, தூரத்தையும் பார்த்துவிடுவோம். ஹட்டனிலிருந்து கண்டி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். விடியற்காலை புறப்பட்டால் கிளினிக் முடித்து அன்றைக்கே லயத்துக்குத் திரும்பலாம். மகரகம 110 கிலோமீட்டருக்கு மேல். கித்துல்கல வழியாக இறங்கி அவிசாவளையில் ஹைலெவல் ரோட் பஸ்ஸுக்கு மாறினால் கொழும்பு கோட்டைக்குள் போய் அலையாமல் மகரகமையிலேயே இறங்கலாம். அப்படியும் கிளினிக் காலை ஏழு எட்டு மணிக்கு என்றால் முதல் நாளே போய்ப் படுக்கத்தான் வேண்டும். இரண்டும் அரசாங்க ஆஸ்பத்திரி, இரண்டிலும் வைத்தியம் இலவசம். செலவு பஸ்ஸிலும் தங்குவதிலும் சாப்பாட்டிலும் இருக்கிறது. நோயாளிக்கும் தோட்டத்தில் பேர் (அன்றைய நாட்சம்பளம்) விழாது, துணைக்குப் போனவருக்கும் பேர் விழாது. கண்டி என்றால் அந்த இழப்பு ஏறத்தாழ பாதியாகும்.

மகரகமையின் பலம், அது புற்றுநோய்க்கென்றே உள்ள ஆஸ்பத்திரி என்பது. நாட்டின் பெரிய புற்றுநோய் நிலையம் அதுதான். குழந்தைகளின் நோய்க்கும் அரிதான நோய்களுக்கும் அங்கேதான் அனுபவம் அதிகம். கண்டி தேசிய வைத்தியசாலையின் பலம் வேறு மாதிரி. அது எல்லா நோய்க்குமான பெரியாஸ்பத்திரி. சீனி வருத்தமும் இதய வருத்தமும் சேர்ந்தே உள்ள வயதானவருக்கு எல்லா விசேட வைத்தியரும் ஒரே வளவுக்குள் இருப்பது பெரிய வசதி. வாய்ப் புற்றுநோய் என்றால் கண்டிக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெற்றிலையும் புகையிலையுமாக வாழ்ந்த நம் தோட்டத்து ஆட்களுக்கு இது புதிய நோயல்ல. பக்கத்திலுள்ள பேராதனை பல் வைத்தியசாலையில் ஒப்பரேஷன் செய்தவருக்குக் கண்டியில் கரண்ட், அதாவது கதிர்ச் சிகிச்சை, பிடிப்பது எவ்வளவோ லேசு. கரண்ட் தேவையென்றால் ஒப்பரேஷனிலிருந்து சுமார் ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது என்பார்கள். அந்த ஆறு வாரத்தை ஆஸ்பத்திரி மாறும் அலைச்சலில் கரைத்துவிடக் கூடாது.

இனி கட்டத்துக்கு வருகிறேன்.

கரண்ட் பாதியில் நிற்கும்போது மாறாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. முதலில் ஸ்கேன் எடுத்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று அந்த மெஷினுக்கென்றே திட்டம் போடுகிறார்கள். உடம்பில் கோடு கிழிக்கிறார்கள். கழுத்து, வாய் என்றால் முகத்துக்கு அளவெடுத்து வலைமூடி செய்கிறார்கள். நம் ஊர்க் குளிருக்கு சுவெட்டர் உரசி அந்தக் கோடு மங்கினாலே மிஸ் சத்தம் போடுவார். அவ்வளவு நுணுக்கமான வேலை. இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் ஸ்கேனிலிருந்தே திரும்பத் தொடங்க வேண்டும். நடுவில் விழும் நாட்களில் நோய்க் கலங்கள் மறுபடி பெருகும். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை இழுபடும் ஒவ்வொரு நாளுக்கும் நோயை அடக்கும் வாய்ப்பு ஒரு சதவீதம் போலக் குறைகிறது என்பது வைத்தியர்கள் வைத்திருக்கும் கணக்கு. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம். தங்க இடம் பிடித்து அங்கேயே முடித்துவிடுங்கள். எவ்வளவு தூரம் என்றாலும்.

கீமோ அப்படியல்ல. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவதென்றால் இரண்டு தடவைக்கு நடுவில் மாறலாம். ஒரே நிபந்தனை, புதிய இடத்தில் அடுத்த தவணை பிந்தக் கூடாது. இதுவரை என்ன மருந்து, எத்தனை தடவை, எத்தனை மில்லிகிராம் என்பது எழுத்தில் போக வேண்டும். டொக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்துக்கு ஆயுளுக்கே ஒரு எல்லை உண்டு, தாண்டினால் இதயத்தைப் பாதிக்கும். பழைய கணக்கு தெரியாத வைத்தியர் துணிந்து ஏற்றமாட்டார். உங்கள் மருந்து கண்டியில் கையிருப்பில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வெளியே வாங்கச் சொல்லித் துண்டு வரும். மிச்சப்படுத்திய பஸ் காசு அதில் எந்த மூலைக்கு?

எல்லாம் முடிந்து குளிசையும் செக்கப்பும்தான் பாக்கி என்றால் தாராளமாக மாறுங்கள். மார்புப் புற்றுநோய்க்கு டமொக்சிஃபென் ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். அதற்காக மகரகம வரை போய்வருவது வீண் அலைச்சல்.

பதுளை? பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை ஆட்களுக்குக் கண்டியைவிட அதுதான் கிட்ட. அங்கும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. ஹட்டன்காரருக்கு அதில் இலாபமில்லை.

நான் அதிகம் பரிந்துரைப்பது முழுதாக மாறுவதை அல்ல, பங்குபோட்டுக்கொள்வதை. கரண்டும் பெரிய முடிவுகளும் தொடங்கிய இடத்தில், கீமோவும் இரத்தப் பரிசோதனையும் கிட்டிய இடத்தில். இதை நாமாகச் செய்யக் கூடாது, இரண்டு பக்க வைத்தியரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கேட்கத் தயங்கவும் வேண்டாம். "டொக்டர், கண்டியில இதே மருந்த ஏத்திக்கலாமா, ஒரு கடிதம் தருவீங்களா?" என்று கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. கோபம் வருவது, சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும்போதுதான். சிங்களம் வராது என்பதற்காகவே பலர் வாய் திறப்பதில்லை. கேள்வியைச் சிங்களத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் வேலை நடக்கும். படித்த பிள்ளை எந்த லயத்திலும் ஒன்று இருக்கும்.

மாறுவதென்று முடிவானால் கடிதம், டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் புத்தகம், பயொப்ஸி ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோப் பிரதி எடுத்து, ஸ்கேன் சீடியோடு சேர்த்து மழையில் நனையாதபடி கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பயொப்ஸிக்கு எடுத்த சதையை மெழுகில் பதித்து 'புளொக்' ஆக ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள். புதிய வைத்தியர் அதைத் திரும்பப் பார்க்கக் கேட்கலாம். கேட்டால் எங்கே, எந்த இலக்கத்தில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்திருந்தால் ஒரு பயணம் மிச்சம். கண்டியில் கிளினிக் திகதி கையில் கிடைக்கும்வரை மகரகம திகதியை விடாதீர்கள்.

2025 நவம்பரில் டித்வா புயலில் மலைநாட்டுப் பாதைகள் மண்சரிந்து அடைபட்டதைப் பார்த்தோம். கண்டிப் பாதையும் தப்பவில்லை. கிட்ட இருப்பதால் எப்போதும் போய்ச் சேரலாம் என்று நினைக்க முடியாது. கீமோ ஏற்றி ஒன்று இரண்டு வாரத்துக்குள் 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால் கண்டிக்கும் போகவேண்டாம், மகரகமைக்கும் போகவேண்டாம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரம் அது. மணிக்கணக்கில் நிலைமை மாறும். பெனடோல் போட்டு விடியட்டும் என்று இருக்காமல், டிக்கோயா கிளங்கனோ நுவரெலியாவோ, கிட்டிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து, கார்ட்டைக் காட்டி, கீமோ ஏற்றிய திகதியை முதலில் சொல்லுங்கள்.