பகுதி மூட்டு மாற்று: அளவெடுத்துச் செய்ததா, ரெடிமேடா?

முழங்காலில் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் முழு மூட்டையும் மாற்ற வேண்டியதில்லை, அந்தப் பாதியை மட்டும் மாற்றினால் போதும் என்பது இப்போது பலருக்கும் தெரியும். அடுத்த கேள்வியில்தான் குழப்பம்: கடைச் சைஸ்களில் ஒன்றைப் பொருத்திக்கொள்வதா, சி.டி. ஸ்கேன் எடுத்து உங்கள் எலும்புக்கென்றே செய்த இம்ப்ளாண்டுக்குப் போவதா?

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 'கஸ்டம்' என்று சொல்லி, எலும்பை வெட்ட உதவும் அச்சை மட்டும் உங்கள் அளவுக்குச் செய்து, உள்ளே போகும் உலோகம் வழக்கமான சைஸாகவே இருப்பதும் உண்டு. ரோபோ வைத்துச் செய்வதும் பெரும்பாலும் அப்படித்தான், வெட்டு துல்லியம், பொருள் ரெடிமேட். இம்ப்ளாண்டையே அளவெடுத்துச் செய்வது வேறு. அமெரிக்காவின் கன்ஃபார்மிஸ் நிறுவனம் கொண்டுவந்த ஐயூனி அந்த வகை.

சரி, சுமைக்கு வருவோம். சமதளத்தில் நடந்தாலே முழங்கால் மேல் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு இறங்குகிறது, படி இறங்கும்போது மூன்றைத் தாண்டுகிறது, அதிலும் பெரும்பங்கு உட்பக்கத்துக்கு. இதை வாங்கிக்கொள்வது கீழ்க்கால் எலும்பின் மேல் உட்காரும் தட்டு. எலும்பின் ஓரம் கெட்டி, நடுவே பஞ்சு மாதிரி. தட்டு ஓரத்தைத் தொடாமல் சிறியதாக இருந்தால் சுமை பஞ்செலும்பின் மேல் விழுந்து நாளடைவில் அமிழலாம்; பெரியதாக இருந்து உட்பக்கம் 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தினால் அங்கேயுள்ள தசைநாரில் உரசி வலிக்கும். ரெடிமேடில் நீளம் சரியாக இருந்தால் அகலம் இடிக்கும், அகலம் பார்த்தால் நீளம் போதாது, ஆசியர்களின் சிறிய முழங்காலில் இந்தத் தொல்லை கூடுதல். இந்த இடத்தில் அளவெடுத்துச் செய்ததுதான் ஜெயிக்கிறது, அதில் சந்தேகமில்லை.

ஆனால் தேய்மானம் என்று வந்தால் கதை மாறுகிறது. 1970-களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்ஃபெல்லோ என்ற சர்ஜனும் ஜான் ஓ'கானர் என்ற இன்ஜினியரும் சேர்ந்து உருவாக்கிய ரெடிமேட் மூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொடை எலும்பில் கோளத்தின் ஒரு துண்டு, கீழே வழவழப்பான தட்டைத் தகடு, இரண்டுக்கும் நடுவில் எதிலும் ஒட்டாமல் நகரும் பிளாஸ்டிக். மேல்பக்கம் குழிந்த அந்த பிளாஸ்டிக்கில் உலோகம் ஆட்டுக்கல்லில் குழவி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது, கால் எந்தக் கோணத்தில் மடங்கினாலும். சுமை பரவிவிடுவதால் பிளாஸ்டிக் 3 மில்லிமீட்டர் தடிமனிலேயே தாங்குகிறது, தேய்வது வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. கோளம் என்பது யாருடைய எலும்பின் வடிவமும் இல்லை என்பதுதான் வேடிக்கை!

அளவெடுத்துச் செய்ததில் தொடைப் பகுதி உங்கள் எலும்பின் வளைவையே பின்பற்றுகிறது. அந்த வளைவு முன்னே ஒரு மாதிரி, பின்னே ஒரு மாதிரி. கீழே நிலையாக ஒட்டிய பிளாஸ்டிக் எல்லாக் கோணத்துக்கும் பொருந்த முடியாது, தொடும் பரப்பு சுருங்குகிறது, அந்த இடத்தில் அழுத்தம் ஏறுகிறது. இயற்கையில் இதைச் சமாளித்தது நடுவே நகர்ந்துகொண்டிருந்த ஜவ்வு. அதை எடுத்துவிட்டு எலும்பின் வடிவத்தை மட்டும் அப்படியே கொண்டுவந்தால் பாதி நகல்தானே?

அப்புறம் இழுவை. ஸ்கேனில் எலும்பு தெரியும், தசைநார் எவ்வளவு இறுக்கம் என்று தெரியாது. மடக்கும்போதும் நீட்டும்போதும் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்பதை சர்ஜன் மேஜையில்தான் பார்க்க வேண்டும், எந்த வகை இம்ப்ளாண்ட் ஆனாலும். நகரும் பிளாஸ்டிக்கைப் பிடித்து வைத்திருப்பதே அந்த இழுவை. கணக்கு தப்பினால் இடத்தைவிட்டு நழுவி, மறுபடி ஆபரேஷன். நிலையான பிளாஸ்டிக்கில் இந்தப் பயம் இல்லை. அதேபோல வளைந்த காலை நேராக்குகிறேன் என்று கொஞ்சம் அதிகமாகத் திருத்திவிட்டால் சுமை நல்ல பக்கத்துக்குத் தாவி அதுவும் தேயத் தொடங்கும், அதை எந்த கஸ்டம் வடிவமும் தடுக்காது.

செலவு, செய்து வரும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பு, இரண்டும் சொல்லாமலே தெரிந்தவை. திறந்து பார்க்கும்போது முன் சிலுவை தசைநார் (மூட்டுக்குள் இரண்டு எலும்பையும் பிணைத்திருப்பது) போய்விட்டிருந்தால் முழு மூட்டுக்கு மாற வேண்டி வரலாம், அப்போது உங்களுக்கென்று செய்தது வேறு யாருக்கும் உதவாது.

உட்பக்கத் தேய்மானத்துக்கு என் ஓட்டு ஆக்ஸ்ஃபோர்டு வகைக்கு, இதை அடிக்கடி செய்கிற சர்ஜன் கிடைத்தால். அடிக்கடி செய்யாதவர்கள் கையில் பகுதி மூட்டுகள் சீக்கிரம் மறு ஆபரேஷனுக்கு வருகின்றன என்பதை மூட்டு மாற்று ஆபரேஷன்களைக் குறித்து வைக்கும் பிரிட்டனின் பதிவேடு காட்டியிருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்தவர்கள் சிலரே, அவர்களுக்கு என் பதில் வேறு. அங்கே கீழெலும்பு குழியாமல் மேடாக இருக்கிறது, மடக்கும்போது வெளித் தசைநார் தளர்ந்துவிடுவதால் நகரும் பிளாஸ்டிக் நழுவ வாய்ப்பு அதிகம், ரெடிமேடுகளில் பலவும் உட்பக்கத்தை மனதில் வைத்து வடித்தவை. பணமும் பொறுமையும் இருந்தால் அளவெடுத்துச் செய்த, நிலையான பிளாஸ்டிக் வகையை அங்கே கேட்டுப் பார்க்கலாம்.