650 டிகிரியில் விரிசலை அளக்கும் பெட்டி: ஓராண்டு அனுபவம்

உலைக்குள் இருக்கும் விரிசலைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அதனால்தான் மின்னழுத்த வீழ்ச்சி முறையில் விரிசல் நீளம் அளக்கும் இந்தக் கருவியை ஆய்வகத்தில் வாங்கினோம். ஓராண்டாக இன்கோனல் 718 என்ற நிக்கல் உலோகக்கலவை மாதிரிகளை 650 டிகிரி செல்சியஸில், சுமையைச் சுழற்சி சுழற்சியாக ஏற்றி இறக்கி, இதைக் கொண்டுதான் சோதித்து வருகிறேன்.

மாதிரி வழியே மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தினால், விரிசல் நீள நீள மின்தடை கூடும். விரிசல் தொடங்குவதற்காக மாதிரியில் போட்ட வெட்டுவாயின் இருபுறமும் பற்றவைத்த கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தம் ஏறும். ஏறுவதோ சில மைக்ரோவோல்ட். இரு கம்பி முனைகளின் வெப்பநிலை சற்றே வேறுபட்டாலும் அதே அளவுக்குப் பொய் மின்னழுத்தம் பிறந்துவிடும். இந்தப் பெட்டி மின்னோட்டத்தைத் திசைமாற்றி இரண்டு முறை அளந்து, அந்தப் பொய்யைக் கழித்துவிடுகிறது. எங்கள் பழைய கருவியில் உலை சூடு சிறிது அலைந்தாலே வரைபடம் நெளியும். இதில் கோடு அசையாமல் நிற்கிறது. இந்த ஒன்றுக்காகவே இதை மனமாரப் பாராட்டுவேன்.

உச்சச் சுமையில் 90 வினாடி நிறுத்தும் சோதனையில்தான் இதன் அருமை புரிந்தது. நிறுத்தாத சோதனையை விட ஒவ்வொரு சுழற்சியிலும் விரிசல் பல மடங்கு நீள்கிறது. உலோகத்தின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளை ஆக்சிஜன் பலவீனமாக்க, விரிசல் அவற்றின் வழியே ஓடுவதுதான் காரணம். அந்த வேகம் திரையில் சுழற்சிக்குச் சுழற்சி தெரிகிறது.

குறைகளும் உண்டு. அளவை உச்சச் சுமையில்தான் எடுக்க வேண்டும். சுமை குறையும்போது விரிசலின் முகங்கள் ஒட்டி மின்னோட்டம் குறுக்கே பாய்ந்தால், விரிசல் சுருங்கியதுபோல் காட்டும். சோதனை இயந்திரத்தின் சமிக்ஞையோடு இணைக்க வசதி இருக்கிறது, ஆனால் கையேட்டில் அதற்கு நான்கே வரி. மின்னோட்டக் கம்பி தளர்ந்தால் எச்சரிக்கை மணியும் இல்லை. அப்படி ஓர் இரவு முழுவதும் ஓடிய சோதனையை இழந்தேன். தயாரிப்பாளர் இதைக் கட்டாயம் திருத்த வேண்டும்.

வாங்குகிறவர்கள் திரையை மட்டும் நம்பிவிடாதீர்கள். சோதனை முடிந்ததும் மாதிரியை உடைத்துப் பாருங்கள். உலையில் வளர்ந்த பகுதி ஆக்சைடு படிந்து கருத்திருக்கும், புதிதாக உடைந்த பகுதி பளபளக்கும். அந்த எல்லையை நுண்ணோக்கியில் அளந்து கருவியின் கணக்கைத் திருத்துங்கள். நிறுத்தச் சோதனைகளில் விரிசலுக்குப் பின்னால் உடையாமல் நிற்கும் சிறு இணைப்புகள் மின்னோட்டத்தைக் கடத்துவதால், திரை சொன்னதைவிட உண்மை விரிசல் நீளமாகவே இருந்திருக்கிறது.