பாட்டியின் மரப்பெட்டியும் தேன்மெழுகு பாலிஷும்

பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் பிறகு எனக்கும் வந்த மரப்பெட்டி, பல ஆண்டுகள் பரணில் கிடந்ததால் வெளிறி, மூடியில் மெல்லிய விரிசல்கள் ஓடி, தொட்டால் சொரசொரக்கும் நிலையில் இருந்தது. அதற்காகத் தேன்மெழுகையும், பனை வகை மரமொன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கர்னாபா மெழுகையும் டர்பன்டைனில் கரைத்துச் செய்த பாலிஷ் டப்பா ஒன்றை வாங்கி, நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

‘காய்ந்த மரத்துக்கு ஊட்டம் தரும்’ என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை நான் ஏற்கவில்லை. காற்றில் ஈரம் கூடும்போதும் குறையும்போதும் மரம் இழைக்குக் குறுக்கே விரிந்து சுருங்குகிறது. விரிசலுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். மெழுகு மேற்பரப்பில் படர்ந்து காப்பதோடு சரி. என் பெட்டியின் விரிசல்கள் பாலிஷால் சிறிதும் மூடிக்கொள்ளவில்லை. வெயில் விழும் சன்னலோரத்திலிருந்து பெட்டியை நகர்த்திய பிறகு அவை மேலும் வளரவில்லை என்பதுதான் உண்மை.

ஆனாலும் இந்தப் பாலிஷை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஈரம் நன்கு பிழிந்த துணியால் தூசியைத் துடைத்து உலரவிட்டு, முதலில் அடிப்புறத்தில் சிறிது தடவிப் பார்த்த பின்பே மூடியைத் தொட்டேன். வெளிறியிருந்த நிறம் ஆழம் பெற்று, மர இழை தெளிவாகத் தெரிந்தது. தேன்மெழுகு ஏறத்தாழ 63 டிகிரி செல்சியஸில் உருகும் மென்மையானது என்பதால், அது மட்டும் இருந்தால் தூசி ஒட்டும். 80 டிகிரிக்கு மேல் உருகும் கர்னாபா அதற்கு உறுதி சேர்க்கிறது. செதுக்கு வேலையுள்ள ஓரங்களில் முதல்முறை அளவுக்கு மீறித் தடவிவிட்டதால் வெண்படிவு தங்கியது. மென்மையான தூரிகையால் அதை எடுக்க ஒரு மாலைப்பொழுது பிடித்தது.

இதன் பெரிய நன்மை, பிடிக்காவிட்டால் டர்பன்டைன் தொட்ட துணியால் பெருமளவு அகற்றிவிடலாம் என்பதே. ஆளிவிதை எண்ணெய் அப்படியன்று. அது காற்றுடன் வினைபுரிந்து மரத்துக்குள்ளேயே கெட்டிப்பட்டு, காலப்போக்கில் கருக்கும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். திரும்பப் பெற முடியாத பொருளில் திருத்த முடியாத சோதனையைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

குறை என்றால் நெடி. சன்னல்களைத் திறந்து வைத்தும் இரண்டு நாள் நீடித்தது. உரியும் வண்ணப்பூச்சுள்ள பொருள்களில் இதைத் தேய்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும் டப்பாவில் காணவில்லை. மூடியின் உட்புறத்தில் பாட்டி பென்சிலால் எழுதிய கணக்கு இருக்கும் இடத்தை மட்டும் நான் பாலிஷ் படாமல் விட்டிருக்கிறேன்.