பூ மார்க்கெட் விலைக்கு ஒரு சர்வர்: வெறும் நோட், எக்ஸ்பிரஸ், ஃபாஸ்டிஃபை, ஹோனோ

ஜாவாஸ்கிரிப்ட்டில் சர்வர் எழுத உதவும் ஆயத்தக் கட்டமைப்புகளை, அதாவது ஃபிரேம்வொர்க்குகளை, ஒப்பிடும் கட்டுரைகளில் முக்கால்வாசி ஒரே எண்ணைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: நொடிக்கு எத்தனை கோரிக்கை. 'ஹலோ வேர்ல்டு' என்று மட்டும் பதில் சொல்லும் சர்வரை அளந்து எடுத்த எண் அது. அந்தப் பந்தயத்தில் ஃபாஸ்டிஃபை எக்ஸ்பிரஸை முந்தும். சரி, முந்தட்டும். ஒரு சின்ன வியாபாரத்துக்கு சர்வர் போடுகிறவருக்கு இதனால் காலணா பிரயோஜனம் இல்லை. போனின் நெட்வொர்க் தாமதத்தில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தப்பான தகவல் உள்ளே வந்தால் இந்த ஃபிரேம்வொர்க் என்ன செய்யும்?

அதனால் ஒரு வேலையை வைத்தே பார்ப்போம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி, அரளி எல்லாம் உண்டு. உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கமிருந்து விடியும் முன்பே பூ வந்து இறங்கும். விலை ஒரு இடத்தில் நிற்காது. முகூர்த்த நாள் என்றால் சொல்லவே வேண்டாம். கடைக் கணக்குப்பிள்ளை போனிலிருந்தே விலையைப் போட வேண்டும், தோட்டக்காரர் ஊரில் இருந்தபடியே பார்க்க வேண்டும். மூன்று ரூட் (சர்வர் பதில் சொல்லும் முகவரிகள்) போதும்: இன்றைய விலையைக் காட்ட ஒன்று, விலையைப் பதிய ஒன்று, ஒரு பூவின் ஒரு வார விலையைக் காட்ட ஒன்று. தகவலைச் சேமிக்க ஒரே கோப்பில் அடங்கிவிடும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்.

முதலில் ஃபிரேம்வொர்க்கே வேண்டாம் என்கிற கட்சி. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடில் (Node.js) எச்டிடிபி மாட்யூல் கூடவே வருகிறது, பேக்கேஜ் கிடங்கான என்பிஎம்மிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். 2009-இல் ரயன் டால் நோடை வெளியிட்டபோது காட்டிய அழகே இதுதான், சில வரிகளில் ஒரு சர்வர் எழுந்து நிற்கும். இந்த வழியில் ஒருமுறையாவது எழுதிப் பார்ப்பது நல்லது. கோரிக்கை என்பது என்ன, ஹெடர் என்பது என்ன என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் தமிழில் தகவல் வாங்கும் சர்வருக்கு இதில் இரண்டு குழிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இரண்டுமே தெரியாது.

ஒன்று, பதிலின் நீளம். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'மல்லி' என்ற சொல்லில் மெய்ப்புள்ளி, துணைக்குறியெல்லாம் சேர்த்து ஐந்து குறியீடுகள், ஆக 15 பைட். பதில் எத்தனை பைட் என்று சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடரில் சரத்தின் (string) நீளத்தை அப்படியே போட்டால் 5 என்று போகும். பிரவுசர் ஐந்து பைட்டை எடுத்துக்கொண்டு நிறுத்திவிடும்: திரையில் ஒரு 'ம', பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம். பஃபரின் பைட் நீளத்தைக் கேட்டுப் போட வேண்டும், அல்லது அந்த ஹெடரையே விட்டுவிட வேண்டும். நோட் தானே பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, உள்ளே வரும் தகவல். அது துண்டு துண்டாகத்தான் வரும். ஒவ்வொரு துண்டையும் சரமாக்கி ஒட்டிக்கொண்டே போகும் பழக்கம் பல பாடங்களில் இருக்கிறது. ஒரு எழுத்தின் மூன்று பைட்டில் இரண்டு முதல் துண்டிலும் மூன்றாவது அடுத்த துண்டிலும் வந்தால் அந்த எழுத்து சிதைந்தது சிதைந்ததுதான். நீளமான தகவலில்தான் இது நடக்கும், அதுவும் எப்போதாவதுதான். இப்படி எப்போதாவது வரும் பிழையைத் தேடுவதைப் போல வெறுப்பான வேலை வேறில்லை. குறியாக்கத்தை முன்கூட்டியே யுடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் இதெல்லாம் தெரிந்தவருக்குத்தான் தீரும். ஃபிரேம்வொர்க் போட்டால் இந்த இரண்டு குழிகளையும் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை.

இனி எக்ஸ்பிரஸ். 2010-இல் டி.ஜே. ஹோலோவைசுக் தொடங்கியது. நான்காம் பதிப்பு 2014-இல் வந்தது, ஐந்தாம் பதிப்புக்கு 2024 வரை பத்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து வருடத்தில் எழுதப்பட்ட பாடமும் யூடியூப் வீடியோவும் கேள்வி-பதிலும் ஏராளம். மதுரையில் எந்த மெர்ன் (MERN: மாங்கோடிபி, எக்ஸ்பிரஸ், ரியாக்ட், நோட்) வகுப்பில் சேர்ந்தாலும் நடுவில் நிற்கும் 'இ' எக்ஸ்பிரஸ்தான். இதன் பெரிய பலம் இதுவே: நீங்கள் எழுதியதை நாளைக்கு இன்னொரு பையன் வந்து திறந்தால், அவனுக்குப் படித்தவுடன் புரியும்.

பழைய பாடங்களால் வரும் தொல்லையும் உண்டு. வரும் தகவலைப் பிரித்துக் கொடுக்க பாடி-பார்சர் என்று தனிப் பேக்கேஜ் இறக்கச் சொல்வார்கள்; 4.16-இலிருந்து அந்த வேலை எக்ஸ்பிரஸுக்கு உள்ளேயே வந்துவிட்டது. ரூட்டில் வெறும் நட்சத்திரக் குறி போட்டு 'மற்றதெல்லாம்' என்று எழுதியிருப்பார்கள். ஐந்தில் அதற்கு ஒரு பெயர் கொடுக்காவிட்டால் சர்வர் எழும்போதே பிழை காட்டும். இதைவிடச் சூட்சுமமானது லிஸன், அதாவது சர்வரை ஒரு போர்ட்டில் காத்திருக்க வைக்கும் கட்டளை. மூவாயிரம் போர்ட்டை ஏற்கெனவே வேறொரு புரோகிராம் பிடித்திருக்கிறது என்று வையுங்கள். நான்காம் பதிப்பு சத்தமாகப் பிழை காட்டி விழும். ஐந்தாம் பதிப்பு அந்தப் பிழையை லிஸனுக்குக் கொடுத்த கால்பேக்கிடமே (பிறகு கூப்பிடச் சொல்லிக் கொடுத்த ஃபங்ஷன்) ஒப்படைக்கிறது. கால்பேக்கில் 'சர்வர் ஓடுகிறது' என்று அச்சிடும் ஒரு வரி மட்டும் இருந்தால், ஓடாத சர்வர் 'ஓடுகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். கால்பேக்கில் பிழையை வாங்கிப் பார்க்கும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

ஐந்துக்கு மாறுவதற்கு ஒரு காரணம் கேட்டால் அசிங்க் (காத்திருந்து முடியும் வேலை) பிழையைத்தான் சொல்வேன். நான்கில், அசிங்க் ரூட்டுக்குள் எஸ்க்யூலைட் கோப்பு பூட்டியிருந்து பிழை எறிந்தால், எக்ஸ்பிரஸ் அதைப் பிடிக்காது. நோட் 15-இலிருந்து அப்படிப் பிடிக்காமல் விட்ட பிழை மொத்த சர்வரையும் சாய்த்துவிடும். ஒரு ஆளின் கோரிக்கையில் வந்த கோளாறுக்கு எல்லோருக்கும் கடை அடைப்பு. ஐந்தில் அது தானாகவே பிழைகளைக் கையாளும் மிடில்வேருக்குப் போய்விடுகிறது.

இப்போது நம் கேள்வி: தப்பான விலை வந்தால்? எக்ஸ்பிரஸ் ஒன்றும் செய்யாது, வந்ததை அப்படியே கையில் கொடுக்கும். கணக்குப்பிள்ளை 1,200 என்று கமா போட்டு அனுப்புவார். அவசரத்தில் காலியாக அனுப்புவார். ஃபார்ம் வழியாக வந்தால் எண்ணும் சரமாகத்தான் வந்து சேரும். சரமாக ஒப்பிட்டால் 900 என்பது 1200-ஐவிடப் பெரியது, ஏனென்றால் 9 என்ற எழுத்து 1-க்குப் பின்னால் வருகிறது. 'இந்த வாரத்தின் உச்ச விலை' என்று அந்த 900-ஐக் காட்டினால் தோட்டக்காரர் சும்மா இருக்கமாட்டார். சரிபார்க்கும் வேலைக்கு ஸாட் (Zod) மாதிரி ஒரு பேக்கேஜைக் கொண்டுவந்து ஒவ்வொரு ரூட்டிலும் மறக்காமல் கட்ட வேண்டும். மறந்தால் எக்ஸ்பிரஸ் நினைவூட்டாது.

ஃபாஸ்டிஃபை இந்த இடத்தில்தான் தனித்து நிற்கிறது. மத்தேயோ கொலினாவும் தொமாஸ் டெல்லா வெதோவாவும் தொடங்கிய இதன் முதல் நிலையான பதிப்பு 2018-இல் வந்தது. ஐந்தாம் பதிப்பு 2024-இல் வந்தது, அதற்கு நோட் 20 அல்லது அதற்கு மேல் வேண்டும். ரூட் எழுதும்போதே 'விலை என்பது எண், குறைந்தது 1. பூ என்பது இந்தப் பட்டியலில் ஒன்று' என்று ஜேசன் ஸ்கீமாவாக (தகவல் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிப்பட்டியல்) சொல்லிவிடலாம். அதற்குப் பொருந்தாத எதுவும் நம் கோட் பக்கமே வராது. 400 என்ற பிழை எண்ணோடு, எந்தப் புலத்தில் என்ன தப்பு என்ற வரியும் சேர்ந்து திரும்பிப் போகும். 'விலை போட்டேனே தம்பி, ஏறுச்சா ஏறலையா?' என்று கடையிலிருந்து போன் வந்தால் சொல்வதற்குப் பதில் இருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. ஃபாஸ்டிஃபை, ஏஜேவி என்ற சரிபார்ப்பானை வகை மாற்றம் செய்யச் சொல்லித்தான் வைத்திருக்கிறது. '1200' என்ற சரம் 1200 என்ற எண்ணாகும், அது வசதி. கமா போட்ட விலை மறுக்கப்படும், அதுவும் சரி. ஆனால் நல் (null, அதாவது மதிப்பே இல்லை) என்று வந்தால் அது 0 ஆகிவிடும். குறைந்தது 1 என்று ஸ்கீமாவில் எழுதாமல் விட்டால், அன்றைக்கு மல்லி கிலோ பூஜ்ஜியம் ரூபாய்.

பதிலுக்கும் ஸ்கீமா எழுதலாம் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. எழுதினால், அதில் பெயர் சொல்லாத புலங்கள் வெளியே போகாது. டேட்டாபேஸ் வரிசையில் தோட்டக்காரரின் போன் நம்பரும் சேர்ந்து வந்திருந்தாலும், பொதுப் பக்கத்துக்கான பதிலில் அது தானாக உதிர்ந்துவிடும். வேகமாக ஜேசன் ஆக்குவதற்காகச் செய்த ஏற்பாடு, பாதுகாப்புக்கும் உதவுகிறது. இதன் மறுபக்கம், புதிதாக ஒரு புலம் சேர்த்துவிட்டு 'ஏன் வரமாட்டேன் என்கிறது' என்று அரை மணி நேரம் தேடுவது.

புதியவர் ஃபாஸ்டிஃபையில் முட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. சாதாரண எச்டிஎம்எல் ஃபார்மை அனுப்பினால் 415 என்று மறுத்துவிடும். அதற்கு ஃபார்ம்பாடி என்ற பிளக்கின் தனியாகப் போட வேண்டும். எக்ஸ்பிரஸில் அது உள்ளேயே இருக்கிறது, ஒரு வரியில் இயக்கலாம். அடுத்து, இது இயல்பாக லோக்கல்ஹோஸ்டில் மட்டும்தான் காது கொடுக்கும். லேப்டாப்பில் அழகாகத் திறக்கும் பக்கம், அதே வைஃபையில் இருக்கும் போனில் திறக்காது, எக்ஸ்பிரஸில் திறக்கும். ஹோஸ்ட் என்ற இடத்தில் 0.0.0.0 என்ற நான்கு பூஜ்ஜிய முகவரியைக் கொடுத்தால் போதும். மூன்றாவது, பிளக்கின்களின் எல்லை. ஒரு பிளக்கினுக்குள் பதிந்தது அதற்குள்ளும் அதன் பிள்ளைகளுக்கும்தான் தெரியும், பக்கத்து ரூட்டுக்குத் தெரியாது. பெரிய திட்டத்தில் இது வரம். மூன்று ரூட்டுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான தத்துவம்.

லாக் (நடந்ததைப் பதியும் குறிப்பேடு) விஷயத்தில் ஃபாஸ்டிஃபைக்கு ஒரு சபாஷ். அதை எழுதும் பினோ கூடவே வருகிறது, ட்ரூ என்று ஒரு வார்த்தை போட்டால் ஒவ்வொரு கோரிக்கையும் ஜேசன் வரியாக விழும். எக்ஸ்பிரஸுக்கு மார்கன் போன்ற ஒன்றைத் தனியாக இறக்க வேண்டும்.

ஹோனோ வேறு மாதிரி ஆள். யுசுகே வாடா 2021-இல் தொடங்கினார். வேறு எந்தப் பேக்கேஜையும் சார்ந்திருக்காது. பிரவுசரில் பழகிய அதே ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் பொருட்களை வைத்தே எழுதலாம். கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸ், டெனோ, பன், நோட் என ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் இந்தத் தளங்கள் எல்லாவற்றிலும் ஓடும். நோடில் ஓட்ட மட்டும் ஒரு அடாப்டர் வேண்டும். ஃபார்மையும் தானே பிரித்துக் கொடுக்கும். எனக்குப் பிடித்தது, சர்வர் என்று ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்துப் பராமரிக்கும் தலைவலியே இல்லாமல் வொர்க்கர்ஸில் ஏற்றிவிடலாம் என்பது. நம் வேலைக்கு அது இடிக்கும் இடமும் அதுவே: அங்கே எஸ்க்யூலைட் கோப்பை வட்டில் வைத்துக்கொள்ள முடியாது, கிளவுட்ஃபிளேரின் டி1 டேட்டாபேஸ் போன்ற ஒன்றுக்குப் போக வேண்டும். கோப்பை ஒரு பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தால்தான் நிம்மதி என்று நினைக்கும் முதலாளிக்கு இது ஒத்துவராது.

கோவா, நெஸ்ட் என்ற இன்னும் இரண்டு ஃபிரேம்வொர்க்குகளையும் சுருக்கமாக முடித்துவிடலாம். கோவா 2013-இல் எக்ஸ்பிரஸ் குழுவினரே செய்தது; அழகானது, ஆனால் ரூட்டரும் இல்லை, பாடி பார்சரும் இல்லை. எக்ஸ்பிரஸ் ஐந்து வந்த பிறகு அதைத் தேடிப் போகக் காரணம் குறைந்துவிட்டது. நெஸ்ட் இயல்பாக அடியில் எக்ஸ்பிரஸையே வைத்துக்கொண்டு மேலே பெரிய கட்டுமானம் எழுப்பும். பத்து பேர் சேர்ந்து வேலை செய்யும் ஐடி கம்பெனிக்கு அது பொருந்தும். மூன்று ரூட்டுக்கு நெஸ்ட் போடுவது, ஒரு முழம் பூ வாங்க லாரி எடுத்துக்கொண்டு போவது.

என் தேர்வு: கடைக்கு ஃபாஸ்டிஃபை. வேகத்துக்காக அல்ல, ஸ்கீமாவுக்காக. விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தில் ஒரு கையால் டைப் செய்யப்படும் தகவலை, ஸ்கீமாவை எழுதிவிட்டால் தானாகவே வாசலில் நிறுத்துவது இந்த நான்கில் அது ஒன்றுதான். கல்லூரி புராஜெக்ட் என்றால் எக்ஸ்பிரஸ் ஐந்து. வைவாவில் கேள்வி கேட்பவருக்கும் தெரியும், மாட்டிக்கொண்டால் சொல்லிக்கொடுக்கப் பக்கத்து பெஞ்சிலேயே ஆள் இருக்கும். கடைக்கே ஆனாலும், பின்னால் பார்த்துக்கொள்ளப்போகிறவர் எக்ஸ்பிரஸ் மட்டும் தெரிந்தவர் என்றால் எக்ஸ்பிரஸும் ஸாடும் என்றுதான் சொல்வேன்.

எதை எடுத்தாலும் மாறாத சில வேலைகள் உண்டு. 80, 443 போர்ட்டுகளில் நேராக உட்கார வைக்க வேண்டாம். லினக்ஸில் 1024-க்குக் கீழே நிர்வாகி (root) அதிகாரம் கேட்கும். முன்னால் கோரிக்கையை வாங்கி உள்ளே அனுப்ப என்ஜின்எக்ஸ், பின்னால் 3000-இல் நம் சர்வர், விழுந்தால் எழுப்பிவிட சிஸ்டம்டி. எச்டிடிபிஎஸ்ஸுக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை வாங்கும்போதே தானாகப் புதுப்பிக்கவும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

கடைசியாகத் தேதி. வாடகை சர்வர்கள் பொதுவாக யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். எஸ்க்யூலைட்டிடம் இன்றைய தேதியைக் கேட்டால் அதுவும் யுடிசி தேதியைத்தான் தரும். காலை 4.30-க்குப் போட்ட மல்லி விலை, யுடிசி கணக்கில் முந்தைய நாள் இரவு 11 மணி. ஆக, 5.30-க்கு முன் பதிந்த விலையெல்லாம் நேற்றைய கணக்கில் போய் உட்காரும். பூ மார்க்கெட்டில் பாதி வியாபாரம் அந்த நேரத்தில்தான். பகலில் உட்கார்ந்து சோதித்தால் இது தெரியவே தெரியாது. மேலே சொன்ன எந்த ஃபிரேம்வொர்க்கும் இதைக் கவனிக்காது. தேதி எடுக்கும் குவெரியிலேயே 330 நிமிடத்தைக் கூட்டிவிடுங்கள்.