கெட்டி ஆயிலுக்கு மாறினேன், திரும்பினேன்: 12 ஆண்டு அனுபவம்

என் பெட்ரோல் கார் 12 ஆண்டுகளில் 1,90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கையேடு சொல்லும் என்ஜின் ஆயில் 5டபிள்யூ-30 (இந்த எண்கள் ஆயிலின் கெட்டியைக் குறிப்பவை). கடும் வெப்பத்திலும் அதிக பாரத்திலும் 5டபிள்யூ-40 ஊற்றலாம் என்று அதே பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்தப் பொடி எழுத்தை நான் படித்ததே ஒன்பதாவது ஆண்டில்தான்.

முதல் 80,000 கிலோமீட்டருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஒரு மெக்கானிக், "வயதான என்ஜினுக்குக் கெட்டி ஆயில்தான் பலம் சார்" என்றார். 20டபிள்யூ-50 ஊற்றினோம். நின்ற நிலையில் என்ஜின் சத்தம் அடங்கியது போலிருந்தது, மகிழ்ந்தேன். ஆனால் காலையில் கிளப்பியதும் ஒரு நொடியில் நின்றுவிடும் டாப்பெட் (வால்வுகளை இயக்கும் பாகம்) சத்தம் இப்போது நான்கைந்து நொடி நீடித்தது. மைலேஜும் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறைந்தது.

நான் தனியாகப் பொருத்தியிருந்த ஆயில் அழுத்தமானியில் முள் ஏறியதைப் பார்த்துப் பெருமைப்பட்டதும் உண்டு. அது அறியாமை. அழுத்தம் காட்டுவது ஆயில் எவ்வளவு பாய்கிறது என்பதை அல்ல, பாய எவ்வளவு திணறுகிறது என்பதை. எல்லை மீறினால் பம்பின் வால்வு திறந்து, ஒரு பங்கு ஆயில் பேரிங்குகளை (சுழலும் தண்டுகளைத் தாங்கும் பாகங்களை) எட்டாமலேயே திரும்பிவிடும்.

டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து; அதற்கு முன்னால் உள்ள எண் குளிர்ந்த நிலையில் ஆயிலின் கெட்டியைச் சொல்வது. "பனியே பெய்யாத இடத்தில் அதைப் பற்றி என்ன கவலை?" என்று நானும் கேட்டவன்தான். ஆனால் ஆயிலைப் பொறுத்தவரை, சூடேறாத எந்த என்ஜினும் குளிர்ந்த என்ஜின்தான். பொதுவான ஒரு 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரி செல்சியஸில் இருக்கும் கெட்டி, 100 டிகிரியில் இருப்பதைப் போல ஐந்தாறு மடங்கு. அதே 40 டிகிரியில் 20டபிள்யூ-50 அதைவிடவும் இரு மடங்குக்கு மேல் கெட்டி.

இரண்டாவது எண் சூடேறிய பிறகான கணக்கு. 100 டிகிரியில் 30 என்பது 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டியை அளக்கும் அலகு) வரை, 40 என்பது 12.5 முதல் 16.3 வரை. ஆக, கெட்டியான ஒரு 30க்கும் நீர்த்த ஒரு 40க்கும் இடையே மயிரிழை வித்தியாசமே இருக்கலாம். பேரிங்குகளுக்கு நான் பார்ப்பது 150 டிகிரியில் வேகமாக அரைபடும்போது அளக்கும் மதிப்பை: 30க்குக் குறைந்தது 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5 மில்லிபாஸ்கல் நொடி (இதுவும் கெட்டிக்கான அலகுதான்). இது டப்பாவில் இருக்காது, தயாரிப்பாளரின் விவரத்தாளில் இருக்கும்.

இரண்டு முறை 20டபிள்யூ-50 ஊற்றியபின் பழைய 5டபிள்யூ-30க்கே திரும்பினேன். காலைச் சத்தம் போய்விட்டது. 1,40,000 கிலோமீட்டரைத் தாண்டியதும் 5,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறையத் தொடங்கியது. அப்போதுதான் பொடி எழுத்தைப் படித்து 5டபிள்யூ-40க்கு மாறினேன், குறைவது பாதியானது. (0டபிள்யூ-20க்கென்றே வடிவமைத்த என்ஜின் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்து 40க்குத் தாவ வேண்டாம், உங்கள் கையேட்டைப் பாருங்கள்.)

ஒன்றைத் தாமதமாகத்தான் கவனித்தேன். நீண்ட பயணங்களை விட்டால், என் அன்றாட ஓட்டம் மூன்று கிலோமீட்டர்தான். என்ஜின் முழுதாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவதால் பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. எந்த எண் ஊற்றினாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது. இப்போது கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

போன மாதம் கேஸ்கட் மாற்ற வால்வு மூடியைத் திறந்தார்கள். உள்ளே லேசான பழுப்புப் படலம் இருந்தது, கசடு இல்லை. கேம் முகடுகளில் (வால்வுகளைத் திறக்கும் மேடுகளில்) விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன், தேய்மானம் எங்கும் தட்டுப்படவில்லை.